கண் தமிழில், வாய் தெலுங்கில்

பாப்பா,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் கோபப்பட்டால் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நீயும் "சரிப்பா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தேறாமல் போனவன், டீச்சர் வேலை பார்க்கிற மகளுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டான் என்று உன் வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து வைத்துக்கொள். எழுதி முடித்ததும் தாள்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். உங்கள் பள்ளிக்கூட குரூப்பில் போட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போடு. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் இதில் ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. நாலு டீச்சர்கள் சேர்ந்து படித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே ராஜபாளையத்துக்குச் சாப்பிட வந்திருந்தாய். சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னாய். உன் நாலாம் வகுப்பில் வாசிப்பில் ஆர்வம் இல்லாத பிள்ளைகளின் பெயரை எழுதி, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் தலைமையாசிரியர் மேசையில் வைக்க வேண்டும். பட்டியலில் இருக்கிறவர்களுக்கு இனிமேல் வெள்ளிக்கிழமை நூலக வகுப்பு கிடையாது. மற்ற பிள்ளைகள் கதைப் புத்தகம் பார்க்கிற நேரத்தில் இவர்கள் வராண்டாவில் உட்கார்ந்து எழுத்து எழுதிப் பழக வேண்டும். பதினொரு பேர் இருக்கிறார்கள் என்றாய். அதில் ஒன்பது பேர் ஒரே தெரு, வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள். அதைச் சொன்னபோது உன் குரலில் ஒரு சங்கடமும் இல்லை. பிறகு அந்த ஒன்பதில் ஒருத்தியான ஜனனியைப் பற்றி ஆரம்பித்தாய்.

"அந்தப் புள்ளகிட்ட புஸ்தகத்தக் குடுத்து வாசின்னேன்ப்பா. எந்திரிச்சு நின்னு, புஸ்தகத்தையே பாத்துக்கிட்டு, கடகடன்னு தெலுங்குல என்னமோ உளறுதா. ஒரு வரிகூட வாசிக்கல. கிளாஸே உருண்டு சிரிக்கு."

சொன்னதோடு விடாமல், எழுந்து நின்று, அப்பளத்தைப் புத்தகம் மாதிரிப் பிடித்துக்கொண்டு அவளைப் போலவே செய்து காட்டினாய். நான் சிரித்தேன். புரையேறித் தலையில் தட்டிக்கொள்கிற அளவுக்குச் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவள் நீ கிளம்புகிற வரைக்கும் சரியாக முகம் கொடுக்கவில்லை. "அம்மாவுக்கு என்னப்பா, தலைவலியா?" என்று கேட்டாய். "வெயிலு" என்றேன். பொய் சொன்னேன்.

உன்னை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது தெலுங்கில், நான் எழுதுவது தமிழில். "அவ சிரிச்சா, அவளுக்குத் தெரியாது. உங்களுக்கு என்ன கேடு? அந்தப் புள்ள என்ன செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும், பாப்பா. இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாக அது யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளை உளறவில்லை. அது வாசித்தது.

உன் தாத்தா பஞ்சு குடோனில் மூட்டை சுமந்தவர். டீக்கடையில் முந்தின நாள் பேப்பரை வாங்கி வந்து வீட்டில் படிப்பார். பேப்பர் தமிழ், வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவர்கள் எல்லாம் தெலுங்கு. அவர் தமிழ் வரிக்குக் கீழே விரலை வைத்து ஓட்டுவார், வாயிலிருந்து தெலுங்கு வரும். நடுவில் நிறுத்துவதோ யோசிப்பதோ கிடையாது. கண் தமிழில் போகும், வாய் தெலுங்கில் வரும். எங்கள் தெருவில் எழுத்துத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை, மாத்திரை அட்டை, கோர்ட்டு நோட்டீஸ் எதுவானாலும் பார்ப்பது ஒன்று, சொல்வது ஒன்று, அர்த்தம் மட்டும் ஒன்றே. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அந்த விரலைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். அதனால் உலகம் பூராவும் படிப்பு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்குத் தமிழ், குரலுக்குத் தெலுங்கு. எனக்கு வேறு எப்படித் தெரியும்?

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் வாத்தியார் முதல் தடவையாக என்னைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னார். பாடத்தில் மழை வந்தது, குளம் நிறைந்தது, தவளை கத்தியது என்று மூன்று வரி. எனக்கு அது தண்ணீர் குடிக்கிற மாதிரி. உன் தாத்தாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, விரலை வைத்து, "வான ஒச்செ, செருவு நிண்டெ, கப்ப அரிச்செ" என்று வாசித்தேன். மூன்று வரிக்கும் மூன்று வரி, ஒன்றும் விடவில்லை. வகுப்பே சத்தமில்லாமல் இருந்தது. சத்தம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரக்க இன்னொரு தடவை வாசித்தேன். நான் எம்புட்டுப் பெரிய அறிவாளி என்று பார்த்துக்கொள்.

"ஏலே, என்னலே, குறி சொல்லுதியா?" என்றார் வாத்தியார். அவ்வளவுதான், சிரிப்பில் வகுப்பே இடிந்து விழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன், "சார், டப்பிங் படம் ஓட்டுதான் சார்!" என்றான். பிரம்படி நாலோ ஐந்தோ விழுந்தது, அது அன்றைக்கே ஆறிவிட்டது. டப்பிங் என்கிற பெயர்தான் போகவில்லை. மில்லில் ஃபிட்டராகச் சேர்ந்து, மீசை வைத்து, எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்கூட ஒருத்தன் மில் கேட்டுக்கு வெளியே நின்று "ஏலே டப்பிங்கு!" என்று கூப்பிட்டான்.

அன்றைக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் வாசிப்பு என்றால் நான் தப்பி ஓடத்தான் பார்ப்பேன். வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள் இல்லையா, என் முறை வருவதற்கு நாலு பேர் இருக்கும்போதே ஒன்றுக்கு விரலைக் காட்டிவிட்டு வெளியே போய்விடுவேன். போனால் மணி அடித்த பிறகுதான் வருவேன். என் தேர்ச்சி அட்டையில் வாத்தியார் என்ன எழுதினார் தெரியுமா? "வாசிப்பில் நாட்டமில்லை." அவர் கெட்ட மனுஷர் இல்லை. மதியச் சாப்பாடு கொண்டு வராத பிள்ளைகளுக்குத் தன் டப்பாவைத் திறந்து கொடுத்தவர். ஆனால் தாம் எழுதிய அந்த வரிக்குத் தாமே காரணம் என்று அவருக்குக் கடைசி வரை தோன்றவே இல்லை.

நாட்டமில்லாதவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேள். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தான். உர மூட்டையின் முதுகைப் படித்தான். கடலை மடித்து வந்த தாளைப் பிரித்து, பாதியில் கிழிந்த கதைக்கு மிச்சம் எங்கே என்று தவித்தான். பிறகு மில்லில் புது மெஷின் வந்தபோது, அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படத்தையும் பார்த்து எழுத்தையும் கூட்டி ஒரு மாதம் படித்து, எந்த நட்டை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று இன்ஜினியருக்கே சொன்னான். நோட்டீஸ் போர்டில் ஏதாவது ஒட்டினால் ரிங் பிரேமில் நூல் ஓட்டுகிற பெண்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். தமிழ்க்காரப் பெண்களுக்குத் தமிழில் சொல்வேன், நம் பெண்களுக்குத் தெலுங்கில் சொல்வேன், கண் நோட்டீஸை விட்டு நகராது. மூன்றாம் வகுப்பில் அடி வாங்கிக் கொடுத்த அதே வித்தைதான். இப்போது அதற்கு ஆள் காத்திருந்தது.

அதனால்தான் அந்த "ஆர்வம் இல்லை" என்கிற வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அந்தப் பட்டியல் தாளில் ஆர்வம் இருக்கிறதா இல்லையா என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ஏன் இல்லை என்று எழுத ஒரு கட்டம் போட எவனுக்கும் கை வரவில்லை. யாரால் போனது என்று எழுத இன்னொரு கட்டம்? அது எந்தக் காலத்திலும் வராது. நீ கதைப் புத்தகம் படிக்கிறாயே, எழுந்து நின்று சத்தம் போட்டா படிக்கிறாய்? கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, அம்மா நாலு தடவை கூப்பிட்டாலும் காது கேட்காமல் படிக்கிறாய். உன்னை நாற்பது பேருக்கு முன்னால் நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் ஒருத்தர் முகத்தைப் பார்த்துத் தப்புக் கண்டுபிடித்தால் நீ அந்தப் புத்தகத்தைத் திரும்பத் தொடுவாயா? பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் மேல் என்ன கோபம்? அவர்கள் எழுந்து நிற்பதற்குத்தான் பயப்படுகிறார்கள். பயத்தைப் பார்த்துவிட்டு ஆர்வமில்லை என்று எழுதுகிறீர்கள். காய்ச்சலில் கிடக்கிறவனைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுதுவது மாதிரி இருக்கிறது. அதோடு விடாமல், இருக்கிற ஒரே நல்ல வகுப்பையும் பிடுங்கிக்கொண்டு வராண்டாவில் உட்கார வைத்தால் ஆர்வம் எங்கிருந்து வரும்? மிச்சம் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள் என்றாய். அவர்களுக்கு என்ன பயமோ, அது எனக்குத் தெரியாது. அதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு வராதே. எனக்கு எழுதத் தெரிந்த மொழி இது ஒன்றுதான். தெலுங்கு எழுத்தைக் காட்டினால் யாரோ ஜிலேபி பிழிந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பிள்ளைகளும் தமிழில் தடுமாறாமல் சத்தமாக வாசிக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்க உனக்கு ஒரு வருஷம் இருக்கிறது. ஆனால் வாசிக்கிற பிள்ளையை வாசிக்கவில்லை என்று எழுதிவிட்டு எதைச் சொல்லிக் கொடுப்பாய்?

இவ்வளவு நேரம் உன்னையும் உன் பள்ளிக்கூடத்தையும் திட்டினேன். இனி என் முறை. இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கு நம் வீட்டில் நான் ஒரு சட்டம் போட்டேன். உன் காது கேட்க யாரும் தெலுங்கு பேசக் கூடாது. எனக்கு விழுந்த பெயர் உனக்கு விழக் கூடாது, அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. சட்டம் போட்டவனே முதல் நாள் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆறு தடவை மீறினேன், அது வேறு. ஆனால் உன் அம்மா மீறவில்லை. நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அது காய்கறி வாங்குகிற தமிழ், பஸ்ஸில் இடம் கேட்கிற தமிழ். பிள்ளையைக் கொஞ்சுவதற்கும் திட்டுவதற்கும் கதை சொல்லித் தூங்க வைப்பதற்கும் அவளிடம் தெலுங்குதான் இருந்தது. அதை நான் வாங்கிப் பூட்டிவிட்டேன். அவள் உன்னிடம் பேசுவது நாளுக்கு நாள் குறைந்தது. அதுவரை உன் வாயில் இருந்த தெலுங்கும் மெல்ல மறந்துபோனது. "சாப்பிடு", "குளி", "தூங்கு" என்று வந்து நின்றது. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, அம்மாவுக்கு எம்மேல கோவமா? ஏன் எங்கிட்டப் பேச மாட்டேங்கா?" என்று கேட்டாய். "அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி பாப்பா" என்றேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அடுத்த மாதம் வாசிப்புப் போட்டியில் நீ முதல் பரிசு வாங்கிவிட்டாய். ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதை மில்லுக்கே கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன். என் சட்டம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டினாயே, அப்போதுதான் நான் ஜெயித்தது என்னவென்று தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த வகுப்பில் என் மகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் நானும் உட்கார்ந்து சிரித்தேன். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். யோக்கியதை வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்றால் நான் ஊமையாகத்தான் சாக வேண்டும்.

இன்னொரு காரியமும் உனக்குத் தெரியாமல் நடந்தது. அம்மாவின் பெரியம்மா மகளுக்குப் போன வாரம் கண் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். அவள் குடியிருப்பது உன் பள்ளிக்கூடத்து ஊரில், அந்த ஒன்பது பிள்ளைகள் இருக்கிற அதே தெருவில். மகன் பட்டாளத்தில் இருக்கிறான், வீட்டில் ஒற்றை ஆள். பார்க்கப் போக வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில், "கிளம்புங்க, இன்னைக்கே போவோம்" என்று நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி மகாராஜபுரம் போகிற பஸ்ஸுக்கு மாறினோம். பஸ் உன் வீட்டுத் தெருவைத் தாண்டித்தான் போனது. அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்து, பேசி, சாப்பிட்டு முடித்தபோது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். உன் பெரியம்மா கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று, "ஏட்டி ஜனனி, செத்த நேரம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை எடுத்து அந்தப் பிள்ளையிடம் நீட்டினாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் வாங்கிப் பார்த்தது. முன்பக்கமும் பின்பக்கமும் பொடி எழுத்துத் தமிழ். பிள்ளை விரலை வைத்தது, தெலுங்கில் சொன்னது. பச்சை மூடி மருந்து இந்த வாரம் ஆறு தடவை, அடுத்த வாரம் நாலு தடவை. வெள்ளை மூடி தூங்கப் போகும்போது மட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது.

நான் மெக்கானிக் புத்தியில் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன். எல்லாம் சரி, ஒரு எழுத்து விடவில்லை. ஆனால் கடைசி வரியில், "கடினமான வேலைகளைத் தவிர்க்கவும்" என்றுதான் இருந்தது. மடக்கிவிட்டோம் என்று நினைத்து, "ஏட்டி, இதுல குடம்னு எங்க இருக்கு?" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பெரியம்மா வேற என்னத்தத் தூக்கும்?"

பாப்பா, வாசிப்பது என்றால் இதற்கு மேலே என்ன? உன் பயிற்சிப் பள்ளியில் இதற்குப் பெரிய பெயர் ஏதாவது வைத்திருப்பார்கள். எனக்குப் பெயர் தெரியாது. ஒரு வரியைப் படித்து, அது யாருக்கு எழுதியது என்று புரிந்துகொண்டு, அந்த மனுஷிக்கு வேண்டியதாக மாற்றிச் சொல்கிறது ஒன்பது வயசுப் பிள்ளை. அதன் பெயர் உன் பட்டியலில் இருக்கிறது.

அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாக உன் அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை, தெலுங்கு மழையாகக் கொட்டியது. படிப்பது பிடிக்குமா என்று கேட்டாள். "பள்ளிக்கூடத்துல பிடிக்காது" என்றது பிள்ளை. வீட்டில்? "வீட்டுல நான் படிக்கிறதில்லையே. எல்லாருக்கும் சொல்லத்தான் செய்வேன்." கேட்டாயா? தான் செய்வதற்குப் பெயர் படிப்பு என்று அதற்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. பிறகு அதுவாகவே, "வெள்ளிக்கெழம மட்டும் பிடிக்கும். அன்னைக்கு யாரும் எந்திரிச்சு நிக்கச் சொல்ல மாட்டாங்க. கதப் புஸ்தகத்த வீட்டுக்குக் கொண்டாந்து தம்பிக்குச் சொல்லுவேன்" என்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"உங்க டீச்சர் எப்படி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்ல டீச்சர்தான். அடிக்காது. ஆனா அதுக்குத் தெலுங்கு தெரியாது, பாவம். நான் வாசிச்சது அதுக்குப் புரியல. அதான் சிரிச்சிருச்சு."

உன் பெரியம்மாவுக்கு வாய் நிற்குமா? "ஏட்டி, இவுக யாருன்னு நெனச்ச? உங்க டீச்சரோட அப்பா அம்மா!" பிள்ளை நம்பவில்லை. உன் அம்மாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்ப டீச்சருக்கு ஏன் தெலுங்கு வராது?"

மூன்றாம் வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன். வெளியே போக விரல் காட்டவும் வழியில்லை. உன் அம்மாதான் பதில் சொன்னாள். கையை நீட்டி என்னைக் காட்டி, "இந்தா நிக்காரே, இவரு சொல்லிக்குடுக்க விடல" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்ததை ஒரு சின்னப் பிள்ளையிடம் சாதாரணமாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழும் பத்தாது, தெலுங்கும் பத்தாது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "வேலைல சேந்து ஒரு வருசம் ஆகல, அவங்க கேட்டதக் குடுக்காம இருக்க முடியுமாப்பா?" என்பாய். பயப்படுவது நியாயம்தான். வேலைக்குப் பயந்து முப்பது வருஷம் சூப்பர்வைசருக்குக் கும்பிடு போட்டவன் நான், உன்னை வீரப்பெண்ணாக நிற்கச் சொல்ல மாட்டேன். உங்கள் தலைமையாசிரியரும் மேலே இருந்து கேட்டதைத்தான் கேட்கிறார். ஆனால் அவர் உன்னிடம் கேட்டது ஆர்வம் இல்லாதவர்கள் யார் என்று. இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று நீ எழுதினால் அது பொய். அவ்வளவுதான் விஷயம். தெரியாமல் எழுதியிருந்தால் தப்பு, இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் எழுதினால் பொய்.

நம்பச் சொல்லவில்லை. நீயே பார். நூலக நேரத்தில் பெற்றோர் யாராவது வந்து கதை சொல்லலாம் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், ஒருத்தரும் வருவதில்லை என்று நீதான் சொன்னாய். டீச்சரைப் பெற்றவர்களும் பெற்றோர்தானே, நாங்கள் வருகிறோம். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, காலைப் பஸ்ஸில் வருகிறோம். அந்தப் பதினொரு பேரையும் எழுப்பாதே, உட்கார்ந்த இடத்திலேயே ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கச் சொல். யாருக்கு எந்த மொழி வாயில் வருகிறதோ அதில் சொல்லட்டும். நீ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரிபார். உனக்குத் தெலுங்கு புரியாத இடத்தில், அம்மா பக்கத்தில் இருப்பாள், அவளிடம் கேள். பிள்ளைகள் முன்னால் கேள், கூச்சப்படாதே. டீச்சருக்குத் தெரியாத ஒன்று தங்களுக்குத் தெரியும் என்று அவர்கள் ஒரு தடவையாவது பார்க்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அது எனக்குப் பழகிய இடம். அதற்குப் பிறகும் சாயங்காலம் அந்தத் தாளில் அவர்கள் பெயரை எழுத உன் கை போனால், எழுது. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

உன் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "நான் பள்ளிக்கூடத்துக்குள்ள வந்து என்ன பேசுவேன்?" என்றாள். தெலுங்கு பேசு என்றேன். "உங்க மக கிளாஸ்லயா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பீரோ திறக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். உன் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்து, தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.